செடி வாடுகிறதா, மஞ்சளாகிறதா, காய்க்க மறுக்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

செடி சரியில்லை என்றதும் பலருக்கும் கை நேராக உரப் பைக்கோ மருந்துப் பாட்டிலுக்கோ போகிறது. என்னிடம் வரும் செடிக் கேள்விகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகின்றன. உரம் போட்டாயிற்று, மருந்து அடித்தாயிற்று, இன்னும் மோசமாகிவிட்டது, இனி என்ன செய்வது என்கிறார்கள். ஆகவே எதையும் வாங்கும் முன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கூட ஆகாது.

முதலில் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் 5 செ.மீ. விடுங்கள். மேல்மண் காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருப்பது மிகச் சாதாரணம், அதனால் கண்ணால் பார்ப்பது போதாது. இரண்டாவது, நாலைந்து இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மூன்றாவது, தொல்லை செடியில் எங்கே ஆரம்பித்தது என்று கவனியுங்கள். அடியிலுள்ள பழைய இலையிலா, நுனித் துளிரிலா, ஒரே ஒரு கிளையிலா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்துவிட்டு ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். மஞ்சளாகிப்போன பழைய இலை பெரும்பாலும் திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் துளிர் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## செடி வாடித் தொங்குகிறது

மதியம் தொங்குகிறது, மாலையில் நிமிர்கிறது

ஒன்றும் செய்யாதீர்கள். பூசணி, வெள்ளரி போன்ற அகல இலைச் செடிகள் வேர் இழுக்கும் தண்ணீரைவிட வேகமாக உச்சி வெயிலில் நீரை இழக்கும். மண்ணில் ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். மறுநாள் காலையிலும் நிமிராமல் இருந்தால்தான் அது நோய்க்கணக்கு.

மண் காய்ந்திருக்கிறது

தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றியது உடனே அடித்துளை வழியாக ஓடி வந்துவிட்டால் ஏமாறாதீர்கள். தேங்காய் நார்க்கழிவு கலந்த கலவை முழுக்கக் காய்ந்துவிட்டால் சட்டென்று தண்ணீரை ஏற்காது. அது தொட்டியின் சுவரோரமாக வழிந்து போய்விடும், வேர் நனையவே நனையாது. தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி நிற்கும் வரை, சுமார் அரை மணி நேரம் வைத்து எடுங்கள்.

தினமும் ஊற்றியும் தினமும் வாடுகிறதா? தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்கட்டியோடு உருவிப் பாருங்கள். வெளிப்புறம் முழுக்க வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் இடம் போதவில்லை என்று பொருள். சுற்றிய வேரைக் கையால் தளர்த்திவிட்டு, விட்டத்தில் 5 செ.மீ. பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போனால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, அடுத்து வரும் சிக்கலில் போய் விழுவீர்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது

தொட்டிச் செடிகளைக் கொல்வதில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம். வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகி, தண்ணீரை இழுக்க முடியாமல் போனதால்தான் செடி வாடுகிறது.

- தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீர் நிற்கிறதா? கொட்டிவிடுங்கள்.
- அடித்துளை அடைத்திருக்கிறதா? கம்பியால் குத்தித் திறங்கள்.
- இரண்டும் சரியென்றால் செடியை உருவி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, இழுத்தால் தாங்கும்படி இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக, வழவழப்பாக, துர்நாற்றத்தோடு, தொட்டாலே தோல் உரிந்து வரும்.

பாதி வேராவது நன்றாக இருந்தால் செடியைப் பிழைக்க வைக்கலாம். அழுகியதை வெட்டி எடுங்கள். போன வேருக்கு ஏற்றபடி மேலே கிளையையும் குறையுங்கள். புதுக் கலவையில், முடிந்தால் முன்னதைவிடச் சிறிய தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். புதுத் துளிர் வரும் வரை உரம் கூடாது. தண்டின் அடியே கூழாகிவிட்டது என்றால், மேலே நல்ல கிளை இருந்தால் குச்சியாக நட்டு வேர்விட வைக்க வெட்டிக்கொண்டு மீதியைக் கைவிடுங்கள்.

வடிகால் நன்றாக இருக்கட்டும் என்று தொட்டியின் அடியில் கூழாங்கல்லோ ஓட்டுத்துண்டோ அடுக்குவது பலரிடம் ஊறிப்போன பழக்கம். அது வடிகாலை மேம்படுத்தாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சட்டென்று இறங்காது, கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். அதாவது ஈரம் தேங்கும் இடம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. கலவை முழுக்கப் பொலபொலப்பாக இருப்பதுதான் வடிகால்.

இலை பச்சையாக இருக்கும்போதே இரண்டொரு நாளில் மொத்தச் செடியும் சாய்கிறது

தக்காளி, கத்தரி, மிளகாயில் இப்படி நடந்தால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகியுங்கள். சோதிப்பது எளிது. அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை மட்டும் மூழ்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை நூல்போல ஒன்று கீழே இறங்கினால் அதுதான். மருந்து கிடையாது. செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள், கத்தரிக்கோலைக் கழுவித் துடையுங்கள். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கையும் சில ஆண்டுகளுக்கு நடாதீர்கள்.

வெள்ளை நூல் வரவில்லை, ஆனால் செடியின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகி, தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு ஓடுகிறது என்றால் பூஞ்சை வாடல். இதற்கும் அதே முடிவுதான்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழு இனமல்லாத புழு. அவரை, தட்டை போன்ற பயறுவகைச் செடியென்றால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள், அவற்றின் வேரில் நன்மை செய்யும் முடிச்சும் இருக்கும். விரலால் தேய்த்தால் தனியாக உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நல்ல முடிச்சு. வேரே வீங்கி, பிரிக்க முடியாமல் இருந்தால் நூற்புழு. பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் ஓரம் விடாமல் மூடி, கடும் வெயில் காலத்தில் 4 முதல் 6 வாரம் விட்டால் மேல்மண்ணில் உள்ளவை குறையும். முழுக்க ஒழியாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஒரே பாத்தியில் அடுத்தடுத்து இரண்டு மூன்று செடிகள் இப்படிச் சாய்ந்தால். அதற்குப் பிறகு வீட்டு வைத்தியத்தில் நாளைக் கழித்தால் பாத்தியே போய்விடும்.

## இலை மஞ்சளாகிறது

எங்கே மஞ்சள் என்பதுதான் இங்கே எல்லாம். சில சத்துகளைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும். அவை குறைந்தால் கீழே மஞ்சளாகும். சிலவற்றை நகர்த்த முடியாது. அவை குறைந்தால் நுனியில் மஞ்சளாகும்.

அடியில் ஒன்றிரண்டு இலை மட்டும், மேலே வளர்ச்சி நன்றாக இருக்கிறது: வயதாகி உதிர்கிறது. விடுங்கள்.

அடியிலுள்ள நிறைய இலைகள், மண் ஈரம்: மேலே வேரழுகல் பகுதிக்குத் திரும்புங்கள். உரம் போடாதீர்கள்.

அடியிலுள்ள நிறைய இலைகள், ஈரம் சரியாக இருக்கிறது, வளர்ச்சி மந்தம்: தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. தொட்டியில் ஒவ்வொரு முறை ஊற்றும் தண்ணீரோடும் கொஞ்சம் தழைச்சத்து வெளியே போகிறது, அதனால் இது வந்தே தீரும். நன்கு மக்கிய உரமோ மண்புழு உரமோ இரண்டு கைப்பிடி போட்டு மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள். வேகமாக வேண்டுமென்றால் திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு கரைத்து ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் கருகும்.

பழைய இலையில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள்: மெக்னீசியம். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) ஒரு தேக்கரண்டியை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலையில் தெளியுங்கள். இந்த அறிகுறி இல்லாமல் எப்சம் உப்பைக் கொட்டுவது வீண். காய்க்கும் செடிக்குத் தீமையும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

புதுத் துளிரில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் அல்லது வெளுப்பு: இரும்பு. எலுமிச்சை, ரோஜா, செம்பருத்தியில் அடிக்கடி வரும். பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கவே செய்யும், காரத்தன்மை கூடியதால் வேரால் எடுக்க முடியாமல் பூட்டிக் கிடக்கும். பெரும்பாலான செடிகளுக்கு மண்ணின் அமில-கார அளவான பிஹெச் 6 முதல் 7 வரை ஏற்றது. 7-ஐத் தாண்டத் தாண்ட இரும்பு கிடைப்பது குறையும். அதனால் முதலில் செலவில்லாததைச் செய்யுங்கள்: சாம்பல், சுண்ணாம்பு போடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். உப்புநீர், கடினநீருக்குப் பதில் கிடைக்கும்போது மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். அப்புறம்தான் கீலேட் இரும்பு, அதாவது மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு. வாங்கும்போது வகையைப் பாருங்கள். இடிடிஏ (EDTA) வகை காரமண்ணில் அவ்வளவாக நிலைக்காது, அங்கே இடிடிஹெச்ஏ (EDDHA) வகைதான் வேலை செய்யும். மண்ணில் துருப்பிடித்த ஆணி புதைப்பதால் பயன் இல்லை. காரமண்ணில் துரு கரையாது, கரையாததை வேர் எடுக்காது.

ஊசிமுனை அளவு மஞ்சள் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை: சிவப்புச் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரு வாரத்துக்கு. பலருக்கு இதிலேயே கட்டுப்பட்டுவிடும்.

திட்டுத்திட்டாக மஞ்சளும் பச்சையும் கலந்து, இலை நெளிந்து: வைரஸ். தேமல் நோய் என்பார்கள். குணமாகாது, பிடுங்குங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: தழைச்சத்தும் இரும்பும் கொடுத்துப் பார்த்து, ஒரு மாதம் கழித்தும் புதுத் துளிர் மஞ்சளாகவே வந்தால். இனி ஊகம் வேண்டாம். மண் பரிசோதனைக் கூடத்தில் பிஹெச், உப்பின் அளவு, சத்துகள் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அந்தச் செலவு, தவறான உரங்களை ஒவ்வொன்றாக வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

## இலை சுருள்கிறது

மிளகாய் வளர்ப்பவர்கள் அத்தனை பேரும் ஒருநாள் இங்கே வந்து சேர்வார்கள். இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள்.

மேல்நோக்கிச் சுருள்கிறது: இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். கோடு போன்ற சிறு பூச்சிகள் தாளில் நகர்ந்தால் உறுதி.

கீழ்நோக்கிச் சுருண்டு, கவிழ்த்த படகுபோல, காம்பு நீண்டு இருக்கிறது: மஞ்சள் சிலந்திப்பேன். வெறும் கண்ணுக்குத் தெரியாது, தாளைத் தட்டினாலும் தெரியாது. இதைப் பூச்சி என்று நினைத்துப் பூச்சிக்கொல்லி அடிப்பதால் தொல்லை நீள்கிறது. இது எட்டுக்கால் இனம், பல பூச்சிக்கொல்லிகள் இதைத் தொடுவதில்லை. இதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகின்றன. தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூள் (வெட்டபிள் சல்பர்) இதற்கு உதவும். ஆனால் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் தெளித்தால் இலை கருகும். எண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

இரண்டுக்குமே முதல்கட்டமாக வேப்பெண்ணெய் போதும். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 1 மி.லி. திரவ சோப்பைக் கலந்து, அதன்பின் 5 மி.லி. வேப்பெண்ணெயை விட்டு நன்றாகக் குலுக்குங்கள். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை என மூன்று தடவையாவது வேண்டும், ஏனென்றால் முட்டைகள் தப்பித்துக்கொள்ளும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, செடி கொத்தாகக் குறுகிவிட்டது: வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். செடியைத் தட்டினால் வெள்ளையாகப் பறப்பவைதான் அவை. மருந்து செடியைக் குணமாக்காது. பக்கத்துச் செடிகளைக் காப்பாற்ற இதைப் பிடுங்குங்கள். மனசு வராது என்று தெரியும், ஆனால் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் மூன்று செடி போகும்.

தக்காளியில் கீழ் இலைகள் மட்டும் மேலே உருண்டு, தடித்து இருக்கின்றன, பூச்சி இல்லை: வெயில், தண்ணீர் ஏற்றத்தாழ்வு, அளவுக்கு மீறிக் கிளை வெட்டியது (கவாத்து). நோயல்ல. காய்ப்பும் குறையாது.

பல செடிகளில் ஒரே சமயத்தில் நுனி முறுக்கி, பெரணி இலைபோலக் குறுகி வருகிறது: அண்மையில் புதிதாக எரு போட்டீர்களா? அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லி தெளித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் அது சிதையாமல் வந்துவிடும், மக்கிய பின்னும் தங்கியிருக்கும். மீதமுள்ள எருவை மண்ணோடு கலந்து ஒரு தொட்டியிலும், எரு கலக்காத மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் பீன்ஸ் விதை போடுங்கள். மூன்று வாரத்தில் எருத் தொட்டியில் மட்டும் இலை முறுக்கினால் அந்த எருவைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

## தழைத்து வளர்கிறது, பூக்கவே இல்லை

பார்க்க அழகாக இருப்பதால் இதைச் சிக்கல் என்றே யாரும் நினைப்பதில்லை. முதலில் வெயிலைக் கணக்கிடுங்கள். செடி இருக்கும் இடத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்க, மணிக்கு ஒருமுறை பாருங்கள். காய்கறிக்கும் ரோஜாவுக்கும் 6 மணி நேரமாவது வேண்டும். வெளிச்சமாக இருக்கிறது என்பது வெயில் ஆகாது.

வெயில் சரியென்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டதா என்று யோசியுங்கள். கரும்பச்சை இலையும் கொழுகொழுவென்ற தண்டும் அதற்கு அடையாளம். ஒரு மாதம் எருவை நிறுத்துங்கள். ரோஜாவில் ஒட்டுக்குக் கீழிருந்து வீரியமாக ஒரு கிளை கிளம்பி மற்றதை அமுக்கியிருந்தால் அது தாய்வேர்ச் செடியின் கிளை. அடியோடு கிழித்து எடுத்துவிடுங்கள், வெட்டினால் மறுபடி வரும். விதையிலிருந்து வளர்த்த எலுமிச்சை என்றால் பல ஆண்டு பொறுக்கத்தான் வேண்டும், எந்த உரமும் அதை முந்த வைக்காது.

## பூ உதிர்கிறது, பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது

தக்காளியில் பகல் 35 டிகிரியை ஒட்டிப் போனாலோ, இரவு 24-க்குக் கீழே இறங்காவிட்டாலோ மகரந்தம் கெட்டுப் பூ கொட்டும். இரவு 13-க்குக் கீழே போனாலும் அப்படித்தான். மதிய நிழல் கொடுத்து, தண்ணீர் தவறாமல் ஊற்றிக் காத்திருங்கள். பருவநிலை சரியாக இருந்தும் பிஞ்சு பிடிக்கவில்லை என்றால், காற்றே இல்லாத மூலையில் செடி இருக்கலாம். காலை வேளையில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள்.

பூசணி, பாகல், வெள்ளரி வகைகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூ மட்டும்தான், அது உதிர்வது இயல்பு. பெண்பூவின் பின்னால் குட்டிக் காய் இருக்கும். அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி விழுகிறது என்றால் தேனீ வரவில்லை. ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் தடவுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை, அவற்றுக்கு அப்போதுதான் செய்ய வேண்டும். காலையில் வாடிய பூவில் தடவிப் பலனில்லை.

## காயின் அடி கறுத்துக் குழிகிறது

தக்காளியில் அதிகம், மிளகாயிலும் வரும். கிருமி இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் மண்ணில் அது இருக்கும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுவதால் காய்க்குப் போவதில்லை. கறுத்த காய்களைப் பறித்துவிட்டு, தினமும் ஒரே அளவில் ஊற்றி, மேல்மண்ணில் காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்புங்கள். அடுத்த கொத்து சரியாக வரும். முட்டைஓடு மிக மெதுவாகக் கரையும், இந்தப் பருவத்துக்கு உதவாது. மெக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் வேரில் போட்டிபோடுபவை என்பதால் எப்சம் உப்பு இதை இன்னும் மோசமாக்கும்.

காய் வெடிப்பதற்கும் இதே தண்ணீர்க் கணக்குதான்.

## வெள்ளையாக ஏதோ இருக்கிறது

இலைமேல் மாவு தூவியது போல, தேய்த்தால் போகிறதா? சாம்பல் நோய். அதிகம் தாக்கிய இலையைக் கிள்ளிவிட்டு, ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெயில் நேரத்தில் வாரம் ஒருமுறை தெளியுங்கள். கணுவில் பஞ்சுபோல, கூடவே எறும்பு ஊர்கிறதா? மாவுப்பூச்சி. கொஞ்சம் என்றால் 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். எறும்பைத் தடுக்காவிட்டால் மறுபடி வரும், தண்டையும் தொட்டியையும் எறும்பு ஏறாதபடி பாருங்கள். மண்மேல், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவமும் இலை நுனிக் கருகலும் சேர்ந்திருந்தால் உப்பு. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள்.

## விதை முளைக்கவில்லை

ஈரத் துணியில் 10 விதையைச் சுற்றி, காற்றுப் புகும் டப்பாவில் வையுங்கள். ஐந்துகூட முளைவிடவில்லை என்றால் விதை பழசு. வெங்காய விதை ஓராண்டிலேயே வீரியம் இழக்கும், தக்காளி விதை நாலைந்து ஆண்டு தாங்கும். துணியில் முளைத்து மண்ணில் முளைக்காவிட்டால் பெரும்பாலும் ஆழம்தான் காரணம். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். முளைத்த நாற்று அடித்தண்டு இளைத்து மடிந்து விழுந்தால் நாற்றழுகல்: தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்து, அடுத்த முறை புதுக் கலவையில் நெருக்கமில்லாமல் விதையுங்கள்.

## நிபுணரிடம் போகும்போது

மரத்தின் அடியில் காளான் முளைத்திருந்தாலோ, மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலோ நீங்களே ஏறிக் கிளை வெட்டாதீர்கள், உள்ளே உளுத்திருக்கலாம். மர வேலை தெரிந்த ஆளையே கூப்பிடுங்கள். கடையில் வாங்கும் பூச்சிக்கொல்லி வரை போக வேண்டிய நிலை வந்தாலும் முதலில் வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். காய்கறிச் செடிக்கு, தெளித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கையில் வெறும் ஒரு மஞ்சள் இலையை மட்டும் கொண்டுபோனால் அவராலும் ஊகிக்கத்தான் முடியும். நோய் ஆரம்பநிலையில் உள்ள ஒரு செடியை, முடிந்தால் வேரோடும் மண்ணோடும், தண்ணீர் தெளிக்காமல் தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். முழுக்கக் காய்ந்த செடியில் அடையாளம் அழிந்திருக்கும். கூடவே நல்ல நிலையிலுள்ள ஒரு கிளை, கடைசி ஒரு மாதத்தில் என்ன போட்டீர்கள், என்ன தெளித்தீர்கள் என்ற குறிப்பு. மண் பரிசோதனைக்கு என்றால் உரம் போட்ட இடத்தை விட்டு, நாலைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்து, நன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதிலிருந்து அரை கிலோ.